காட்டைச் சுற்றிப் போன வீதி

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ புது வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் பேச்சை நிறுத்திவிட்டேன். லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து, "அம்மா, கேக்குதா?" என்று கேட்டாய். நன்றாகவே கேட்டது. "களப்புக் கரையால புது ரோடு போடுறோம். வழியில கண்டல் காடு இருக்கு. அதுக்கு ஒன்னும் ஆகாது அம்மா. நான்தான் ரோட்டை வளைச்சு, காட்டைச் சுத்திக் கொண்டுபோகச் சொன்னேன். பெரியவங்க எல்லாரும் சரின்னுட்டாங்க" என்றாய். உன் குரலில் இருந்த பெருமையை நான் அறிவேன். ஏறத்தாழ இதே வார்த்தைகளை, இதே பெருமையோடு, உன் அப்பா நம் வீட்டு வாசலில் நின்று சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. நீ கொழும்பை விட்டு அந்தக் கரைக்குப் புறப்படுவதற்கு முன்பு சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நான் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். வேறு யார் வாசித்தாலும் எனக்குக் குறையில்லை. பிள்ளைகளை இந்த மாதிரி வேலைகளுக்கு அனுப்பிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும் தாய்மார் என்னைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள்.

உன் அப்பாவை நீ கண்டியில் கந்தோர் வேலைக்குப் போய்வந்த ஒரு அமைதியான மனிதராகத்தான் அறிவாய். கடல் நீர் உள்ளே புகுந்து தேங்கும் மட்டக்களப்புக் களப்பின் கரையில் பிறந்தவர் அவர். அவருடைய தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டார்கள். அவருடைய அக்கா, உன் மாமி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அத்தாங்கு என்ற கைவலையால் இறால் வடித்து விற்றுத்தான் தம்பியைப் படிக்க வைத்தார். அணைக்கும் வீதிக்கும் படம் வரையும் வேலை கிடைத்து அவர் கண்டிக்கு வந்தபோது நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து படித்து வெளியே வந்து, டவுனில் கணக்கு டீச்சராக இருந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்திலும் முகம் சுளித்தார்கள். மாமி மட்டும் தனியாகப் பஸ் ஏறி வந்து, என் கையைப் பிடித்து, "புள்ள நல்ல புள்ளதான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடம், எண்பத்து மூன்றில், ஜூலைக் கலவரம். கண்டி மஹியாவையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். நீ என் வயிற்றில் இருந்தாய். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில்லாமல் படுத்திருந்தோம். ஊருக்கே வந்துவிடச் சொல்லி மாமி ஆளனுப்பினார். அப்பா போகவில்லை. "எனக்குத் தெரிஞ்ச தொழில் இஞ்சதான் இரிக்கு" என்றார். ஓடிப்போகக் கூடாது என்ற வீம்பும் அவருக்கு இருந்தது. அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது.

அவருக்குத் தெரிந்த தொழில் அப்போது தெல்தெனியப் பக்கம் இருந்தது. மகாவலியை மறித்து அணை கட்டினார்கள். அப்பா அங்கே ஒரு கந்தோரில் படம் வரைந்தார். அணை நிறைந்தது, பழைய தெல்தெனிய கடைத்தெரு தண்ணீருக்குள் போனது. ஆற்றோரத்து மருத மரங்களும் போயின. அப்பா அதைப் பற்றி அப்போது ஒன்றும் சொன்னதில்லை. உனக்கு நாலு வயதாக இருந்தபோது பெரிய வறட்சி வந்தது. தண்ணீர் வற்றிப் பழைய டவுன் தெரிகிறதென்று எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போனார்கள். நாமும் போனோம். வெடித்துக் கிடந்த சேற்றில் கடைகளின் அத்திவாரங்கள் வரிசையாக நின்றன. மருத மரங்கள் வெறும் கறுப்புக் கட்டைகளாக நின்றன. நீ அவற்றுக்கு நடுவில் ஓடி விளையாடினாய். அப்பா ஒரு கட்டையில் கையை வைத்துக்கொண்டு, "இதையெல்லாம் நான் படத்தில கீறவே இல்ல. தண்ணி எந்த மட்டத்துக்கு வருமெண்டு ஒரு கோடு போட்டன். கோட்டுக்குக் கீழ என்ன இரிக்கெண்டு எங்களிட்ட யாரும் கேக்கல்ல" என்றார். வெயிலாக இருக்கிறது, பிள்ளைக்குத் தலை சுடும், போவோம் என்றேன் நான்.

அணை வேலை முடிந்த பிறகு அந்தக் கந்தோர் வேறு வேலைகளை எடுத்தது. வடக்கு கிழக்கில் சண்டை நின்று, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பிய ஒரு சிறிய காலம் அது. வெளிநாட்டு உதவியில் கிழக்கே ஒரு வீதி போட வேண்டும் என்று திட்டம் வந்தது. அளந்து அனுப்பப்பட்ட விவரங்கள் அப்பாவின் மேசைக்கு வந்தன. பார்த்தால் அது அவருடைய ஊர். வீதி களப்பின் ஓரத்துக் கண்டல் காட்டை நடுவால் பிளந்துகொண்டு நேராகப் போனது. அந்தக் காட்டை அவர்கள் ஊரில் கண்ணா என்பார்கள். உப்புத் தண்ணீருக்குள் வேரை ஊன்றி நிற்கும் மரங்கள். அந்த வேர்களுக்குள்ளேதான் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும். மாமியின் அடுப்பு எரிந்தது அந்த வேர்களால்தான். அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருந்தது. முந்திய வருடங்களில் துப்பாக்கியோடு வந்து ஊரைச் சுற்றி வளைத்தபோதெல்லாம் சனங்கள் ஓடிப்போய் அந்தக் காட்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். மாமி ஒருமுறை பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறார். காடு இல்லாவிட்டால் அந்த ஊரில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்று அவரே நம் வீட்டுக்கு வந்தபோது எனக்குச் சொன்னார். காய்ந்த இறால் ஒரு பை நிறையக் கொண்டுவந்து, ஒரு வாரம் நம்மோடு இருந்துவிட்டுப் போனார். அவர் போன அடுத்த நாளே அப்பா புதிதாக ஒரு கோடு வரைய ஆரம்பித்தார். வீதி காட்டுக்குள் நுழையாமல், தரைப் பக்கத்துக் கரையை ஒட்டி, காட்டை முழுதாகச் சுற்றிக்கொண்டு போகும் கோடு.

எனக்குப் பயமாக இருந்தது. "என்னங்க, இது நமக்கு எதுக்கு? குடுத்ததை வரைஞ்சு குடுத்திட்டுப் போங்களேன். நாளைக்கு வேற மாதிரிக் கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்றேன். நான் பயந்தபடியே கேட்டார்கள். பெரிய எஞ்சினியர் கெட்டவர் அல்ல. ஆனால் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அந்தக் காடு யாருக்காக அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறாய் என்று சிங்களத்தில் கேட்டாராம். அந்தக் காலத்தில் ஒரு தமிழனைப் பார்த்து அப்படிக் கேட்டால் அது காட்டுக்குள் ஒளிகிற இயக்கத்தின் ஆளா நீ என்று கேட்பதுதான் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா, "இறாலுக்காக சேர். இறாலை நம்பியிருக்கிற என் அக்காவுக்காக" என்றாராம். எஞ்சினியர் படத்தை விரிக்கச் சொன்னாராம். களப்புத் தண்ணீருக்குள் மண் கொட்டி நிரப்பும் வேலை புதிய கோட்டில் குறைவு. அது அவருக்குப் பிடித்தது. கோடு மாறியது. அன்று பின்னேரம் அப்பா வாசலிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "காட்டுக்கு ஒண்டும் ஆகாது. சுத்திக்கொண்டு போகுது. ஒத்துக்கொண்டிட்டாங்கள்" என்றார். நம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கண்டி வாவியைச் சுற்றி நடந்தார். உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அவர் அவ்வளவு சிரித்து அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

வீதி போட்டு முடித்தார்கள். தார் காய்ந்து அதிக நாளாகவில்லை, மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் எங்களுக்கு ஊரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா வானொலியை விட்டு அசையமாட்டார். பல மாதம் கழித்து ஒரு காலையில், நீ பள்ளிக்கூடத்துக்குப் போக நின்றபோது, மாமி கதவைத் தட்டினார். கையில் ஒரு சின்னப் பை. இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. நீ பயந்து என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாய். நீ பெரியவனாகியும் அந்தக் கண்ணை நேராகப் பார்க்கமாட்டாய். மாமியின் பழைய முகம் உனக்கு மறந்துபோய், அது பிறவியில் வந்ததென்று நினைத்திருந்தாய். இல்லை. அந்தப் புது வீதியால் சண்டைக்குப் போகும் வாகனங்கள் போக வேண்டியிருந்தது. வீதியின் இரண்டு பக்கமும் யாரும் மறைந்திருக்க முடியாதபடி வெளியாக இருக்க வேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஊர்ச் சனத்தையே கூப்பிட்டு, கத்தியைக் கொடுத்து, வெட்டச் சொன்னார்கள். வீடு வீடாக ஒருவர் வர வேண்டும். மாமி வீட்டில் மாமியைத் தவிர யார் இருக்கிறார்கள்? தனக்கு மறைப்பாக நின்ற மரங்களை அவரே வெட்டினார். பட்டால் பார்வையைக் கெடுக்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் தெறித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக அந்த வீதியில் அன்று அனுமதி கிடைக்கவில்லை.

இதையெல்லாம் மாமி நம் சமையலறையில் உட்கார்ந்து, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். அப்பா நின்றுகொண்டே கேட்டார். கடைசியில், "எவ்வளவு தூரம் வெட்டினாங்கள் அக்கா?" என்று மட்டும் கேட்டார். "றோட்டு போன இடமெல்லாம்" என்றார் மாமி. அப்பா முகம் கழுவப் போவது போலப் பின்பக்கம் போனார். நீ கணக்குத் தெரிந்தவன், யோசித்துப் பார். வீதி நேராகப் போயிருந்தால் காட்டை ஒரு இடத்தில் பிளந்திருக்கும். இரண்டு பக்கமும் வெட்டியிருந்தாலும் நடுவில் ஒரு பட்டைதான் போயிருக்கும். அங்காலும் இங்காலும் காடு மிஞ்சியிருக்கும். அப்பாவின் வீதி கரை நெடுகக் காட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது. அதனால் கரை நெடுகவே காடு போய்விட்டது. உள்ளே மிஞ்சியதும் தண்ணீர் ஓட்டம் மாறிக் காய்ந்தது. காப்பாற்றுவதற்காகப் போட்ட வளைவு, வெட்டுகிறவர்களுக்கு நல்ல பாதையாகிவிட்டது.

அதற்குப் பிறகு மாமி நம்மோடுதான் இருந்தார். நீ வளர்ந்த வீடு அதுதான். சந்தையில் வாங்கி வரும் மீனை மாமி முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் சமைத்ததைக் குறை சொல்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வரும். நீயும் எனக்குப் பரிந்து பேசி, "மாமி எப்பவும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்பாய். உண்மையில் அந்த வீட்டில் பேசாமலிருந்தது மாமி மட்டுமல்ல. அப்பாவும் அக்காவும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே வானொலியைக் கேட்டார்கள். ஊரைப் பற்றி மட்டும் பேச்சே வராது. யாராவது களப்பு என்று சொன்னால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். அக்காவுக்குத் தன்மேல் கோபம் என்று அப்பா நினைத்தார். "அவ கேக்காம இரிக்கிறதுதான் எனக்குத் தாங்க ஏலாம இரிக்கு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நாட்டில் எத்தனையோ பேருக்கு எவ்வளவோ நடந்துவிட்டது, இதைப் போட்டு மனதைக் குழப்பாதீங்க என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் வேலையை விடவில்லை. ஆனால் எந்தப் படத்திலும் தன்னுடைய யோசனை என்று ஒன்றை அதற்குப் பிறகு அவர் சொன்னதே இல்லை. கொடுத்ததை வரைந்து கொடுத்தார், நான் முன்பு கேட்டுக்கொண்டபடியே.

சமாதானக் காலம் வந்து பாதை திறந்தபோது, ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மாமிதான் முதலில் கேட்டார். நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால் வரவில்லை. ஒரு வேன் பிடித்து நாங்கள் மூவரும் போனோம். மஹியங்கனை இறக்கத்தில் எனக்கு வாந்தி வந்தது, மாமி என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்த வீதிக்கு வந்ததும் சாரதிக்கே சந்தேகம் வந்து, "ஐயா, காடு இருக்குன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். ஒரு பக்கம் களப்பு பளபளவென்று வெறுமையாகக் கிடந்தது. அதற்கும் வீதிக்கும் நடுவில் கட்டைகள், பொலித்தீன் பைகள், வெள்ளையாகப் பூத்த உப்பு. இடையிடையே காவலரண்கள். இறங்கலாமா என்று அப்பா கேட்டதற்கு அங்கே துப்பாக்கியோடு காவல் நின்ற பொடியன் ஒருவன் கையை ஆட்டி, இறங்க வேண்டாம், போங்கள் என்றான். வேன் மெதுவாகப் போனது. அப்பா முன் ஆசனத்தில் இருந்தார். திரும்பாமலேயே, "அக்கா, நான்தான்" என்றார். "இந்த றோட்டை இப்பிடி வளைச்சது நான்தான். முதல்ல நேராத்தான் இரிந்தது."

மாமி முன் ஆசனத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பிறகு, "ஏன் தம்பி அப்பிடிச் சொல்றாய்? உன்ட வீட்டுக்கு நான் வந்திரிக்கக்குள்ள நீ அந்தப் படத்தைக் காட்டினாய். கரையால சுத்தி உட ஏலாதாடா எண்டு கேட்டது நானெல்லவா? நான் சொன்னதாலதானே நீ அப்பிடிக் கீறினாய். உன்ட பேரையும் வேலையையும் பயத்துக்குள்ள மாட்டி உட்டு, காட்டையும் அழிச்சுப்போட்டன் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் வாயைத் திறக்கல்ல" என்றார். மாமி வந்திருந்த அந்த வாரத்தில் அவர்கள் அதைப் பேசிய பகலில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எனக்கும் அது வேனில்தான் தெரியவந்தது. அப்பா இருக்கையில் முழுதாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபமே இருந்ததில்லை, தம்பி. இரண்டு பேரும் ஒரே பழியை ஆளுக்கு முழுதாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் பத்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். வேன் சாரதி வானொலியை நிறுத்தினார்.

ஊர் எல்லைக்கு வந்ததும் மாமி கையை நீட்டி வயல்களுக்கு அப்பால் காட்டினார். அங்கே ஒரு பழைய கிரவல் மண் வீதி, புல் மூடிக் கிடந்தது. அவர்கள் சின்ன வயதில் மாட்டு வண்டிகள் போன வீதி. அதைத் திருத்தித் தார் போட்டிருந்தால் போதும், களப்புப் பக்கமே வந்திருக்கத் தேவையில்லை. "இதை ஏன் அண்டைக்கு நாங்க ரெண்டு பேரும் யோசிக்கல்ல?" என்று அப்பா கேட்டார். மேசைக்கு வந்த படத்தில் அந்த வீதி இல்லை. படத்தில் இல்லாதது, அங்கேயே பிறந்த இருவருக்கும்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. காட்டைப் பிளக்கலாமா, சுற்றலாமா என்பதுதான் கேள்வி என்று நினைத்துவிட்டார்கள். அங்கே வீதி தேவையா என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு உன் படிப்பு இல்லை. இருந்தாலும் சிலவற்றைக் கேட்டுப் பார். உன் படத்தில் இல்லாத பழைய வழி ஏதாவது அங்கே இருக்கிறதா? வீதி திறந்த பிறகு அதன் இரண்டு பக்கமும் யார் கைக்குப் போகும்? இப்போது துப்பாக்கியோடு யாரும் வராமல் இருக்கலாம். ஹோட்டல்காரர் வருவார், காணி வாங்குகிறவர் வருவார், குப்பை கொட்டுகிற லொறி வரும். எல்லோருக்கும் நீ போட்ட வளைவு வசதியாக இருக்கும். களப்பு நீர் போய்வர நீ விட்ட வழி போதுமா என்று ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தாயா? இதையெல்லாம் கேட்டால் உன்னையும் கதவைச் சாத்திவிட்டு ஏதாவது கேட்பார்கள். அன்று அப்பாவிடம் இது நமக்கு எதுக்கு என்று கேட்ட நான், உன்னிடம் அப்படிக் கேட்கமாட்டேன். பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் கேட்கமாட்டேன். வேலை போனால் வீட்டுக்கு வா.

இன்னொன்று. அந்தக் கரையில் இருக்கிறவர்களிடம் போய்ப் பேசு. அவர்கள் ஒரு வழி சொன்னால் கேள். அது பிழையாகவும் போகலாம், அவர்களும் மனிதர்கள்தான். அப்படிப் போனால் அதை அவர்கள் தலையில் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதே. யாரும் கூப்பிடாவிட்டாலும் திரும்பிப் போ. போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்தது என்னவென்று பேசு.

ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு நம் வீட்டுச் சமையலறையில் ஒவ்வொரு மாலையும் பேச்சுச் சத்தம் கேட்கும். உனக்கு ஞாபகம் இருக்கலாம், படிக்க முடியவில்லை என்று நீகூடக் கத்தினாய். எந்த மரத்தடியில் எந்த நண்டு, எந்த மாதத்தில் எந்த மீன், யார் வீட்டுத் தோணி எப்போது கவிழ்ந்தது என்று அப்பாவும் மாமியும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சண்டை பிடிப்பார்கள். மாமி சிரிக்கும்போது அந்தக் கண்ணிலிருந்தும் தண்ணீர் வரும். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது அப்பாவின் நெஞ்சு நின்றுவிட்டது. பேசித் தீர்க்க அவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. பேசியது அந்த ஒரு வருடம்தான்.